பகலில் எழுப்பியவன் நான்

தூக்கம் வரவில்லை என்று தூக்க டாக்டரைப் பார்க்கப் போய், அவருடைய காத்திருப்பு அறையிலேயே தூங்கிப்போய், என் முறையைத் தவறவிட்டவன் நான். பலமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். கண் விழித்தபோது டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். தரை பெருக்குகிற அம்மாள் என் கால்களைத் துடைப்பத்தால் மரியாதையாக நகர்த்திக்கொண்டிருந்தாள். மருந்து வாங்க நின்றிருந்த ஒருவர், சிவந்த கண்களோடு என்னைப் பொறாமையாகப் பார்த்து, "சார், நீங்க எந்த மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டார்.

இதை நான் வெளியே சொல்வதாக இல்லை. ஆனால் உங்களுக்கும் ஐம்பது தாண்டியிருக்கும், உங்கள் தலையணைக்கு அடியிலும் ஏதோ ஒரு தைலப் புட்டி இருக்கும் என்ற தைரியத்தில் சொல்கிறேன். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் அரசியல் பேசுவோம். இப்போது எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது என்று பேசுகிறோம். நானும் ஜாதிக்காய்ப் பால் குடித்துப் பார்த்துவிட்டேன். போனில் மழைச் சத்தம் கேட்டுப் பார்த்தேன். பாத்ரூம் போகத்தான் தோன்றியது. தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினேன். அது என்ன மதிப்பெண் போடுகிறது என்று பார்ப்பதற்காகவே விழித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தடவை மனைவியையும் காவலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் இளைஞர். எப்படி இருக்கிறது, சொல்லுங்கள் என்றார். கண் சொக்கும்போது யாரோ உதைத்த மாதிரி முழிப்பு வந்துவிடுகிறது என்றேன். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நோயாளி பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று கண்ணாலேயே அடக்கினேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தத் தொல்லை இருந்ததா என்று டாக்டர் கேட்டார். அப்பாவுக்கு என்றேன். என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்றார்.

அவருக்குப் பின்னால் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே கூட்டம். எல்லா வைத்தியமும் பார்த்தோம் என்று முடித்துக்கொண்டேன். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் அப்போது அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், மர்பி டவுனில் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. எல்லாரும் ஷிப்ட் மாறி மாறிப் போவார்கள். அப்பா மட்டும் எப்போதும் ராத்திரி. புதிதாகக் கல்யாணமானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாரும் தங்கள் ராத்திரியை அப்பாவிடம் தள்ளிவிடுவார்கள், அவரும் வாங்கிக்கொள்வார். காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார். எண்ணெய் வாடை, இரும்பு வாடை, அலுமினிய டிபன் கேரியர். குளித்து, சாப்பிட்டு, அறைக்குள் போய்ப் படுப்பார். அந்த அறையின் ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். பகலை ராத்திரியாக்க அம்மா கஞ்சிப் பசை காய்ச்சி ஒட்டியது. எங்கள் தெருவில் கறுப்பு ஜன்னல் உள்ள வீடு என்றால் அது எங்கள் வீடுதான்.

பகல் முழுக்க அப்பாவின் குறட்டை வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். மாவு மில் மாதிரி ஒரு சீரான தாளம். நடுவில் திடீரென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரு பெரிய இழுப்போடு மறுபடி தொடங்கும். நின்றுபோகிற நேரத்தில் தங்கையும் நானும் எண்ணிப் பந்தயம் கட்டுவோம். அம்மா பின்கட்டில் அந்தத் தாளத்துக்கே துணி துவைப்பாள். அது நிற்கும்போது அவள் கையும் நிற்கும். தாளம் தவறுகிறது போல என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அப்பாவுக்கு சார்ஜ்மேன் வேலை கிடைத்தது. ஜெனரல் ஷிப்ட். காலையில் போய் சாயங்காலம் வருகிற, கையில் கிரீஸ் ஒட்டாத வேலை. சில மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவார்கள். செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கறுப்புத் தாளைக் கிழித்தார். அறைக்குள் வெயில் வந்து விழுந்தது. தரையில் அப்படி ஒரு வெயிலை நாங்கள் அந்த அறையில் பார்த்ததில்லை. தங்கை அதன்மேல் போய் நின்று பார்த்தாள். அப்பா சிவாஜிநகர் போய் இரண்டு வெள்ளைச் சட்டை வாங்கினார். பஞ்சு அடிப்பவரைக் கூப்பிட்டு இரட்டைப் படுக்கை மெத்தை தைத்தார்கள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே நேரத்தில் படுக்கிற வாய்ப்பு அப்போதுதான் வந்தது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

ஆரம்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழக்கம் மாறினால் அப்படித்தான் என்றார்கள். பிறகு அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கி விழ ஆரம்பித்தார். ஒருநாள் மெஷின் பக்கத்தில் நின்றபடியே தூங்கிச் சாய்ந்திருக்கிறார். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததால் கை தப்பியது. மேலே இருந்த அதிகாரி கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் பழையபடி ராத்திரிக்கே போய்விடு, இந்த வேலைக்கு வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றாராம். வெள்ளைச் சட்டை இன்னும் ஒரு சலவைகூட முழுசாகப் பார்க்கவில்லை.

வைத்தியக் கமிட்டிக்குத் தலைவர் என் தாய்மாமன். ஜோகுபாளையத்திலிருந்து சைக்கிளில் வருவார். எதையும் படிக்காமலே எல்லாவற்றிலும் தேர்ந்தவர். என்ன செய்கிறது என்று அவர் விசாரித்தபோது அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கண்ணு நல்லாத்தான் சொக்குது மச்சான். அப்பன்னு பாத்து யாரோ உதைச்ச மாதிரி தூக்கிப் போட்டுடுது. எழுந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. இவ பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பித் தூங்கிட்டு இருக்கா."

"அது உடம்புச் சூடு" என்றார் மாமா, யோசிக்காமல். "தலையத் தெற்கால வையுங்க. அப்பறம் முக்கியமா, பகல்ல கண்ண மூடவே கூடாது. ஞாயித்துக்கெழம பூரா முழிச்சிருக்கணும். பகல்ல செலவு பண்ணிட்டா ராத்திரிக்கு ஏது?"

அப்பாவை ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. என் வாழ்க்கையில் நான் இத்தனை சிரத்தையாகப் பார்த்த உத்தியோகம் வேறில்லை. அவர் இமை சரிந்தால் போதும், வாய்ப்பாடு கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டே ஏழெட்டு ஐம்பத்தாறு என்பார். தப்பு என்பேன். பதறி எழுந்து விரல் விட்டு எண்ணுவார். மத்தியானம் ரொம்பத் தள்ளாடினால் அல்சூர் ஏரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போவேன். அதற்கு முன்னால் அப்பாவை நான் சாயங்கால வெளிச்சத்தில் சரியாகப் பார்த்ததே இல்லை. ஏரித் தண்ணீரில் கல் எறிந்து தத்தவைக்கக் கற்றுக்கொடுத்தார். பாதியில் நின்றபடியே கண் அசந்துவிடுவார். கல் கையிலேயே இருக்கும். நான் சட்டையைப் பிடித்து இழுப்பேன். உண்மையைச் சொன்னால், அப்பாவுக்குத் தூக்கமில்லாத அந்தப் பருவம்தான் என் பால்யத்தின் நல்ல பருவம். இதற்கு சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

எதிர்வீட்டில் ஒரு கன்னடக்கார அம்மா. அவர் கசகசா பாயசத்தில் நம்பிக்கையுள்ளவர். தேங்காய், வெல்லம், ஏலக்காய் போட்டு ஒரு குண்டான் நிறையச் செய்து கொண்டுவந்து, "ஸ்வல்ப குடிச்சுப் பாருங்க, நாளைக்கு மத்தியானம்தான் எந்திரிப்பீங்க" என்றார். அப்பா ஒரு டம்ளர் குடித்தார். மிச்சத்தை நானும் தங்கையும் முடித்தோம். மறுநாள் நான் பூகோள வகுப்பில் தூங்கி, முட்டி போட்டு நின்றேன், நின்றபடியும் தூங்கினேன். தங்கை பள்ளிக்கூடமே போகவில்லை. அப்பா மட்டும் வழக்கம்போல விடியற்காலை சங்குக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு வீட்டை அமைதியாக்கும் திட்டம் வந்தது. இதுவும் மாமாவின் யோசனைதான். கூடத்துச் சுவர்க்கடிகாரத்தின் ஊசலைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். பிறகு அது கிடைக்கவே இல்லை. அந்தக் கடிகாரம் பழைய சாமான் கடைக்குப் போகிறவரை நாலே காலையே காட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சேவல் ஒரு வாரம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. திரும்பி வரவே இல்லை. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில் எனக்கு இப்போதும் சில சந்தேகங்கள் உண்டு. எங்கள் இரண்டு பேரையும் ராத்திரிப் படுக்கைக்கு அடுத்த தெருவிலிருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அவர்கள் வீட்டுக் கூடத்தில் புத்தர் படம் இருக்கும். முன்னால் ஊதுபத்தி. மற்றவர்கள் வைத்தியத்தை எல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, அத்தை அப்பாவைப் பாயில் உட்காரவைத்து ஒன்றே ஒன்று சொன்னார். மூச்சைக் கவனி. உள்ளே போகிறதா, பார். வெளியே வருகிறதா, பார். வேறொன்றும் செய்யாதே. அப்பா தீவிரமாகக் கவனித்தார். கவனிக்கிற முனைப்பில் வந்த கொஞ்ச தூக்கமும் போய்விட்டது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "மூச்சக் கவனிச்சா தூக்கம் எங்கேருந்து வரும் அண்ணி" என்றாள். அம்மாவுக்குத் தியானம் பிடிபடவில்லை என்று அத்தை வருத்தப்பட்டார்.

இதற்கிடையே அம்மா இளைத்துக்கொண்டே வந்தாள். கண்ணுக்குக் கீழே மை பூசினதுபோல் வளையம். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போடுவாள், சாம்பாரில் போடவே மாட்டாள். தெருவே அவளைப் புகழ்ந்தது. புருஷனுக்குத் தூக்கம் இல்லையென்று இவள் உருகுகிறாள் பார், பெண்டாட்டி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்கள்.

கடைசியில் சிவாஜிநகரில் ஒரு ஹக்கீமைப் பார்க்கப் போனோம். துணிக்கடைகளுக்கும் கசாப்புக் கடைகளுக்கும் நடுவே ஒரு சந்தில் அவர் வைத்தியசாலை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே அப்பா தூங்கிவிட்டார். அவர் தோளில் சாய்ந்து அம்மாவும் தூங்கிவிட்டாள். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர், "ஏளி சார், ஏளி" என்று கம்பியைத் தட்டித்தான் இரண்டு பேரையும் எழுப்பி இறக்கினார். அங்கே பெஞ்சில் காத்திருக்கும்போது மறுபடியும் அதே கதை. சந்தில் கைவண்டிகள் போகின்றன, ஒருவன் வாழைப்பழ விலையைக் கத்துகிறான், பக்கத்துக் கடையில் பித்தளை தட்டுகிறார்கள். இவர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கல்யாண போட்டோவில்கூட அப்படி நெருங்கி உட்கார்ந்ததில்லை, அயர்ந்து தூங்குகிறார்கள்.

திரையை விலக்கிக்கொண்டு ஹக்கீம் வந்தார். வெள்ளைத் தாடி, கண்ணில் சுர்மா மை. "யாருக்குப்பா தூக்கம் வரலே?" என்று என்னைக் கேட்டார். நான் அப்பாவைக் காட்டினேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்து, எழுப்பாதே என்று சைகை காட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினார்.

ஆனால் நான் உத்தியோகத்தில் இருந்தேன். பட்டப்பகல். மாமாவின் உத்தரவு. அப்பாவின் தொடையில் பலமாக ஒரு தட்டுத் தட்டினேன்.

ஹக்கீம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

உள்ளே நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு அப்பாவை விட்டுவிட்டு அம்மாவைக் கேட்டார், ராத்திரியில் இவர் எப்படிப் படுக்கிறார் என்று.

"எனக்கு என்ன தெரியும் பாய்? நான் படுத்தா கல்லு மாதிரி தூங்கிடுவேன்" என்றாள் அம்மா.

ஹக்கீம் அவள் கண் வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஃபிக்கர் நக்கோ, கவலைப்படாதே மா" என்று சொல்லி, ரோஜா இதழைச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்த குல்கந்து இரண்டு பாட்டில் எடுத்து வைத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று உனக்கு என்றார் அம்மாவிடம். நோயாளி ஒருவர், பாட்டில் இரண்டா, நன்றாகத் தலையில் கட்டியிருக்கிறான் என்று மாமா அன்று சாயங்காலம் முழுக்கச் சிரித்தார். குல்கந்தையும் நானும் தங்கையும்தான் தின்றோம். அந்தப் பருவத்தில் எங்கள் வீட்டில் நன்றாகத் தூங்கியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

மழைக்காலம் முடிவதற்குள் அப்பா மெஷின் பக்கத்தில் இன்னொரு தடவை தூங்கி விழுந்தார். யாரும் அனுப்புவதற்கு முன் அவரே போய், ராத்திரிக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா கஞ்சிப் பசை காய்ச்சினாள். கறுப்புத் தாள் வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினாள். அப்பா ஸ்டூலில் ஏறாமல் கீழே நின்று தாளை நீட்ட, அம்மாதான் ஏறி ஒட்டினாள். ஒட்டும்போது அழுதாள். தரையிலிருந்த வெயில் சதுரம் சதுரமாகக் குறைந்து போனது.

மறுநாள் காலை அப்பா வேலையிலிருந்து வந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் மாவு மில் ஓட ஆரம்பித்தது.

உடனே வெற்றிக்குச் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். தெற்கே தலை வைத்ததால் என்றார் மாமா. கசகசா மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார் எதிர்வீட்டு அம்மா. அத்தை புத்தரைப் பார்த்துப் புன்னகைத்தார். அப்பாவின் இடத்துக்கு வந்த ஆள் பிறகு சூப்பர்வைசராகி, ஸ்கூட்டர் வாங்கினார். அப்பா ரிடையர் ஆகும்வரை ராத்திரி வேலைதான் பார்த்தார். ரிடையரான பிறகும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ராத்திரி வாட்ச்மேனாகப் போனார். அவர் உடம்பு அப்படி என்று நாங்கள் விட்டுவிட்டோம். போனதும் ஒரு பகலில்தான், தூக்கத்தில். அம்மா சமையல்கட்டில் இருந்தாள். சத்தம் நின்றதைக் கேட்டு ஓடிவந்தாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கு ஒரு பெரிய ஞானம் பிறந்தது. அப்பா பஸ்ஸில் தூங்கினார், பித்தளை தட்டுகிற சந்தில் தூங்கினார், துணி துவைக்கிற வீட்டில் தூங்கினார். சத்தம்தான் அவருக்குத் தாலாட்டு. நாமோ ஊசலைக் கழற்றி, சேவலை நாடுகடத்தி, பிள்ளைகளை வெளியேற்றி, அமைதியாலேயே அந்த மனுஷனின் வேலையைப் பறித்துவிட்டோம். இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதலாம் என்று முடிவுசெய்து, இப்போது எங்களோடு இருக்கிற அம்மாவிடம் போய் விளக்கினேன். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். விளம்பரம் வரும்வரை அம்மா பொறுமையாக இருந்தாள்.

"சத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் எழுப்பிட்டு இருந்தேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"முழங்கையால ஒரு இடி. எழுந்துப்பாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துப்பேன். இன்னா பண்றது? அத்தினி வருஷம் ராத்திரியில தனியாப் படுத்துப் பழகினவ. பக்கத்துல வந்து மில்லு ஓடுனா?"

அப்பாவிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால், கூடத்தில் படுத்தாலும் சத்தம் கேட்குமே என்று அவர் வெளியே போய்ப் படுப்பார். நம்ம ஊர்க் குளிரில் வெளியே படுக்கிறவன் ஒன்று குடிகாரன், இல்லையென்றால் பெண்டாட்டி துரத்தியவன். புதிதாக சார்ஜ்மேன் ஆன மனுஷனைத் தெரு அப்படிப் பேசலாமா என்றாள். அதற்காக வேலையையே போகவிட்டாயா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஜன்னலில் தாள் ஒட்டும்போது அவள் அழுதது நினைவுக்கு வந்தது. அது எதற்கான அழுகை என்று இத்தனை நாள் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அம்மா டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மொதல்ல சத்தத்துக்குத்தான் இடிச்சேன். அப்பறம் சத்தம் நின்னா இடிச்சேன். திடீர்னு நின்னுடும்டா. எனக்கு உசுரே போயிடும். மறுபடி இழுக்குமா இழுக்காதான்னு பாத்துட்டே கெடக்கணும். பகல்ல நின்னா நான் முழிச்சிருப்பேன், ஓடிப் பாக்கலாம். ராத்திரி நானும் தூங்கிட்டா யாரு பாக்கிறது? அதான் நைட்டுக்கே போகட்டும்னு விட்டுட்டேன்."

சீரியல் மறுபடி தொடங்கிவிட்டது. அவள் அதற்குள் போய்விட்டாள்.

எனக்குக் கண் கலங்கியது. ராத்திரியெல்லாம் ஒருத்தி மற்றொருவரின் மூச்சுக்குக் காவல் இருந்திருக்கிறாள்; பகலில் நான் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மனுஷன் எங்கே போய்த் தூங்குவார்? அப்போதுதான், யாரோ உதைத்த மாதிரி என்று டாக்டரிடம் நானும் சொன்னது திடீரென்று நினைவுக்கு வந்தது. அங்கே மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்ததும். திரும்பி அவளைப் பார்த்தேன். தழுதழுத்த குரலில், "அப்ப நீயும் ராத்திரியெல்லாம் என் மூச்சையா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் பீன்ஸிலிருந்து தலை தூக்கவில்லை.

"எனக்கு இன்னும் சத்தத்துக்குத்தாங்க" என்றாள். "நிக்கிறதுக்கு எழுப்புற அளவுக்கெல்லாம் நான் இன்னும் போகல."